பூ உதிர்வதற்குள் ஒரு சுற்று

பெங்களூரின் வசந்தத்துக்கு ஆயுள் சில வாரங்கள்தான். அதை அனுபவிக்கப் பெரிய செலவில்லை: ஒரு சைக்கிள், மனதில் ஓடும் பழைய டிஸ்கோ பாட்டு, அதிகாலைக்கு வைத்த அலாரம். ஆனால் இந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் வேறு சிலர் போட்ட காலக் கணக்கு இருக்கிறது. அது தப்பினால் எல்லாம் தப்பும்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை 6.30 மணி. பெங்களூர் கப்பன் பூங்காவில் சூரியன் இப்போதுதான் தலைகாட்டுகிறது. வார நாட்களில் பூங்காவின் குறுக்கே சீறிப் பாயும் கார்களும் ஆட்டோக்களும் இன்று இல்லை. ஞாயிறுகளில் உள்சாலைகளில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு சைக்கிள்கள் மட்டும் நுழைகின்றன. லட்ச ரூபாய் சைக்கிளில், ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாகச் சிலர். பின்சக்கரத்தின் இருபுறமும் குட்டிச் சக்கரம் பூட்டிய சைக்கிளில் ஒரு குழந்தை, பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும் அப்பா. கேரியரில் துணிப்பையைச் செருகிய பழைய கறுப்பு சைக்கிளில் ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோருக்கும் கீழே விரித்திருப்பது ஒரே கம்பளம்: இரவில் உதிர்ந்த இளஞ்சிவப்புப் பூக்கள்.

இதே இடத்துக்குப் பத்து மணிக்கு வருபவருக்கு வேறு காட்சிதான் கிடைக்கும். பூக்களைப் பெருக்கிக் குவித்திருப்பார்கள். வெயில் முதுகில் ஏறியிருக்கும். இரண்டு வாரம் தள்ளி வருபவருக்கு அந்த மரத்தில் பூவே இருக்காது. வசந்தத்தை ரசிக்க ரசனை மட்டும் போதாது, நேரமும் தெரிந்திருக்க வேண்டும். வள்ளுவர் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது அரசர்களுக்காக. சைக்கிள்காரர்களுக்கும் அது பொருந்தும்.

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெங்களூர் அதுவரை காத்திருப்பதில்லை. மாசி, பங்குனியிலேயே அதன் வசந்தம் தொடங்கிவிடுகிறது. காலையில் மெல்லிய குளிர், மழைத் தொல்லை அநேகமாகக் கிடையாது, மதிய வெயில் இன்னும் முழுப் பலத்தைக் காட்டவில்லை. ஆண்டு முழுவதும் சைக்கிள் ஓட்டலாம் என்று பெருமை பேசும் நகரம் இது. ஆனால் பூவும் இதமான காலையும் சேர்ந்து கிடைப்பது பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான்.

ஜெர்மானியர் போட்ட அட்டவணை

இந்தப் பூக்கள் தற்செயலாக வந்தவை அல்ல. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே 1865ல் பிறந்த கஸ்டவ் ஹெர்மன் க்ரும்பீகல் என்ற தோட்டக்கலை நிபுணருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த அவர், 1893ல் பரோடா சமஸ்தானத்தின் தோட்டங்களைக் கவனிக்க இந்தியா வந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் மகாராஜாவின் அரசு அவரை லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டது. உலகப் போர்களின்போது ஜெர்மானியர் என்பதற்காகப் பிரிட்டிஷார் அவரைக் காவலில் வைத்தார்கள். ஆனாலும் அவர் ஊர் திரும்பவில்லை. 1956ல் பெங்களூரிலேயே காலமானார்.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் யோசனை எளிமையானது. ஒரு தெருவில் ஒரே இன மரங்களை வரிசையாக நட வேண்டும். அடுத்த தெருவுக்கு வேறு இனம். ஒரு தெருவின் பூ முடியும்போது இன்னொரு தெருவில் தொடங்க வேண்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் நகரத்தின் ஏதாவது ஒரு மூலை பூத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழும்போதே அடுத்த பந்திக்கு இலை போடுவது போன்ற ஏற்பாடு.

இன்றும் அந்த வரிசை ஓரளவு தப்பாமல் நடக்கிறது. ஆண்டு இறுதியில் மரமல்லி. புத்தாண்டை ஒட்டி இளஞ்சிவப்பு டபேபுயாவின் முதல் சுற்று. பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா, ஓர் இலைகூட இல்லாமல், கிளை முழுக்கப் பொன்னாக. மார்ச்சில் ஊதா நிற ஜகரந்தா. கூடவே இளஞ்சிவப்பின் இன்னொரு சுற்று. யுகாதி நெருங்கும்போது புங்க மரத்தின் தளிர்ப் பச்சை. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோஹரின் சிவப்பு, சரக்கொன்றை, பூமருது.

இவற்றில் பல வெளிநாட்டு மரங்கள். டபேபுயாவும் ஜகரந்தாவும் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. குல்மோஹரின் தாய்நாடு மடகாஸ்கர். நிழலுக்குப் பேர்போன தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வந்த இடத்தில் வேர்பிடித்து, ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

இலை உதிர்ந்தபின் பூக்கும் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. மழையில்லாத மாதங்களில் இலைகளைக் கழித்துக்கட்டினால் மரத்துக்குத் தண்ணீர் மிச்சம். இலை மறைக்காத பூ, தேனீக்கும் பறவைக்கும் தூரத்திலிருந்தே தெரியும். விதை முற்றிச் சிதறும்போது மழை வந்து சேரும். மரமும் நேரம் பார்த்துத்தான் காரியம் செய்கிறது.

க்ரும்பீகலுக்குப் பின் இந்தப் பணியைப் பெரிய அளவில் செய்தவர் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால். 1980களில் நகரம் வேகமாக வளரத் தொடங்கிய நேரத்தில் சாலையோரங்களிலும் புதிய குடியிருப்புகளிலும் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. கன்று வைத்ததோடு விட்டுவிடாமல், அருகிலிருந்த வீட்டுக்காரர்களையே காவலாக்கினார். அவர் 2021ல் மறைந்தார். இன்று செல்போனில் பூக்களைப் படமெடுக்கும் பலர் அவர் காலத்தில் வைத்த மரத்தின் கீழ்தான் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் அஸ்தமனம், பம்பாயில் உதயம்

சைக்கிளும் பூவும் சரி. டிஸ்கோ எங்கிருந்து வந்தது? அதற்கும் பெங்களூரிலேயே வேர் இருக்கிறது.

பிட்டு அப்பையா, குடகுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பெங்களூரில் பிறந்தவர். இளம் வயதில் 'ட்ரோஜன்ஸ்' என்ற பாப் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1960களின் பிற்பகுதியில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 1974ல் அவர் தயாரித்து, கார்ல் டக்ளஸ் பாடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தைப் பிடித்தது. அது இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காக, ஸ்டுடியோ நேரத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் பதிவான பாட்டு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். புரூஸ் லீ இறந்து ஓராண்டு, உலகமெங்கும் குங்ஃபூ மோகம். இரண்டு வருடம் முன்போ பின்போ வந்திருந்தால் அந்தப் பாட்டு பின்பக்கத்திலேயே தங்கியிருக்கலாம்.

அடுத்த நேரப் பொருத்தம் இன்னும் விசேஷமானது. அமெரிக்காவில் டிஸ்கோவின் மவுசு 1979ல் சரியத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே சாவுமணி அடித்த மறு ஆண்டுதான் இந்தியாவில் டிஸ்கோ பிறந்தது. 1980ல் வெளியான 'குர்பானி' படத்துக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. ஆனால் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநருமான ஃபிரோஸ் கான் லண்டனிலிருந்த அப்பையாவைப் பிடித்தார். பாடியவர் நாஸியா ஹஸன் என்ற பாகிஸ்தானியப் பெண். அப்போது அவருக்கு வயது 15. திரையில் ஆடியவர் ஜீனத் அமன். 'ஆப் ஜைஸா கோயி' நாட்டையே ஆட்டிவைத்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் போனது.

ஃபிரோஸ் கான் பிறந்ததும் பெங்களூரில்தான். ஆக, இந்தி டிஸ்கோவின் தொடக்கப் பாட்டைக் கேட்டு வாங்கியவர், போட்டுக் கொடுத்தவர் இருவருமே இந்த ஊர்க்காரர்கள்.

1981ல் நாஸியாவும் அவர் தம்பி ஸோஹேபும் அப்பையாவின் இசையில் பாடிய 'டிஸ்கோ தீவானே' வந்தது. சினிமாவின் துணையில்லாமல் ஒரு பாப் இசைத்தொகுப்பு வீடுவீடாகப் போனது அன்று புதுமை. 1982ல் 'ஸ்டார்' என்ற படம் ஓடவில்லை, அதில் வந்த 'பூம் பூம்' ஓடியது. அதே ஆண்டு பப்பி லஹிரியின் இசையில் 'டிஸ்கோ டான்ஸர்' வந்து, பிறகு சோவியத் யூனியன் வரை போய்க் கூட்டம் சேர்த்தது. தமிழில் அதே 1982ல்தான் 'சகலகலா வல்லவன்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டு வந்தது. ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவும் அது இன்னும் ஒலிக்கிறது.

மேற்கே முடிந்துபோன சரக்கு இங்கே எப்படி விலைபோனது? அதற்கும் நேரம்தான் காரணம். 1980களின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து வந்த ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு 'டூ-இன்-ஒன்' இருந்தது. இசைத்தட்டை வாங்க முடியாதவர்கள் காஸெட்டை வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் காலி காஸெட்டில் பதிந்துகொண்டார்கள். தெருமுனை ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்த தலைமுறைக்கு அந்தத் தாளம் உடம்பிலேயே பதிந்துவிட்டது. மனிதர்கள் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் ஆயுள் முழுவதும் அழுத்தமாக நினைவில் நிற்கின்றன என்கிறார்கள் உளவியல் ஆய்வாளர்கள். அன்று காஸெட் பதிந்த பையன்களுக்கு இன்று ஐம்பதும் அறுபதும். பெங்களூரின் விடுதிகளில் 'ரெட்ரோ' இரவு என்று போர்டு வைத்தால் ஆடத் தயாராக இருப்பவர்கள் அவர்கள்தான். மறுநாள் காலை சைக்கிள் மிதிப்பவர்களிலும் அவர்கள் பலர் உண்டு.

காலுக்கு ஏற்ற தாளம்

டிஸ்கோவும் சைக்கிளும் சேருவது வெறும் ஏக்கத்தால் அல்ல. அதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. டிஸ்கோ பாட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 110 முதல் 130 தட்டுகள் கொண்டவை. 120 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு இரண்டு தட்டு. அவசரமில்லாமல் சைக்கிள் மிதிப்பவரின் பெடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சுற்று சுற்றும். ஒரு சுற்றில் வலது கால் ஒரு முறை, இடது கால் ஒரு முறை இறங்கும். 60 சுற்றுக்கு 120 மிதி. பாட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மிதி! டிரம்மர் தட்டத் தட்டக் கால் தானாக இறங்கும்.

தாளத்தோடு ஒத்துப்போகும் உடம்பு சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. 2012ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி சைக்கிளை இசையின் தட்டுக்குச் சரியாக மிதித்தவர்களுக்கு அதே வேலைக்குச் சுமார் 7 சதவீதம் குறைவான ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாட்டோடு வேலை செய்த மரபுள்ள மக்களுக்கு இந்தச் செய்தி ஆச்சரியம் தராது.

இந்தத் தாளத்துக்கு உயிர் காக்கும் வேலையும் உண்டு. திடீரென்று இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது மருத்துவ விதி. பதற்றத்தில் அந்த வேகம் எப்படி நினைவிருக்கும்? 1977ல் பீ ஜீஸ் குழு பாடிய 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டை மனதுக்குள் ஓடவிடச் சொல்லித் தருகிறார்கள். அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 103 தட்டு. ஆட்டத்துக்காகப் போட்ட தாளம் முதலுதவி வகுப்பில் பாடமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம்தான் சைக்கிள்காரரின் பின்கண். பாட்டைக் கிளம்பும் முன் கேட்டுவிட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனால் போதும். இருபது வயதில் கேட்ட பாட்டுக்கு டேப் ரெக்கார்டர் தேவைப்படுவதில்லை.

தெருவை மூடினால்

சைக்கிளும் நடன இசையும் ஒரே தெருவில் சேர வேண்டுமானால் யாராவது அந்தத் தெருவைக் கார்களுக்கு மூட வேண்டும். இதில் உலகத்துக்கு வழிகாட்டியது கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா. அங்கே 1974ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் சைக்கிளுக்கும் நடைக்கும் விடப்படுகின்றன. வழியிலுள்ள பூங்காக்களில் இசைக்கேற்ப ஆடவும் உடற்பயிற்சி செய்யவும் கூட்டம் கூடுகிறது.

இந்தியாவில் இது பரவியது 2013ல். பெங்களூரில் அந்த ஆண்டு அக்டோபரில் கப்பன் பூங்காவில் 'சைக்கிள் தினம்' நடத்தினார்கள். நவம்பரில் டெல்லியை அடுத்த குர்காவ்னில் 'ராஹ்கிரி' தொடங்கியது. ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திவிட்டு, தெரு நடுவில் ஒலிபெருக்கி வைத்து, பாங்க்ராவிலிருந்து ஜும்பா வரை ஆடினார்கள். 2014ல் டெல்லியின் கன்னாட் பிளேஸும், சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையும் இந்த வரிசையில் சேர்ந்தன. அதுவரை ஹாரன் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத தார்ச்சாலையில் பேரனும் பாட்டியும் ஒரே பாட்டுக்குக் குதித்தார்கள்.

தொடங்கிய எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி நிலைக்கவில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற முணுமுணுப்பு எங்கும் எழுவதுண்டு. கப்பன் பூங்காவின் ஞாயிறு தடை நீடிப்பதற்குக் காரணம் அதன் எளிமை. மேடை வேண்டாம், விளம்பரம் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் தடுப்பை இழுத்து வைத்தால் போதும்.

ஒரு காலைக்கு ஒரு வழி

பெங்களூரில் இருப்பவர்களும், வார இறுதியில் உறவினர் வீட்டுக்கு வருபவர்களும் முயன்று பார்க்க ஒரு பாதை உண்டு. விதான சவுதாவிலிருந்து காலை 6.15க்குக் கிளம்பலாம். எதிரே கப்பன் பூங்கா. 1870ல் அமைக்கப்பட்டது. மூங்கில் புதர்களையும் டபேபுயாக்களையும் சுற்றிவர அரை மணி நேரம். பிறகு கஸ்தூர்பா சாலை வழியாகத் தெற்கே லால்பாக்.

லால்பாக் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டிய இடம். 1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். அதன் நடுவே இருக்கும் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டுகள். அதன் மேல் நின்று பார்த்தால் ஊதாவும் மஞ்சளுமாக மரங்களின் உச்சிகள் தெரியும். 1889ல் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், 1924ல் தொடங்கிய எம்.டி.ஆர். அருகில்தான். ரவா இட்லி சாப்பிட்டவர்கள் அப்படியே ஜயநகருக்கு மிதிக்கலாம். அங்கே சில குறுக்குத் தெருக்கள் பிப்ரவரி கடைசியில் மஞ்சள் கூரை போட்டிருக்கும். திரும்பி வந்தால் மொத்தம் சுமார் 15 கிலோமீட்டர். 9 மணிக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். அதற்குமேல் சாலை சைக்கிள்காரருக்குச் சொந்தமில்லை.

எந்த வாரம் போவது என்பதை நாள்காட்டி சொல்லாது, மரம்தான் சொல்லும். இலைகள் பழுத்து உதிரத் தொடங்கினால் அலாரத்தைச் சரிபார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். உச்சத்தில் நிற்கும் மரம் ஒன்று இரண்டு வாரத்துக்குமேல் காத்திருக்காது.

கணக்கு தப்பினால்

இவ்வளவும் எத்தனை நாளைக்கு? 2001 கணக்கெடுப்பில் பெங்களூர் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 57 லட்சம். 2011ல் 85 லட்சம். பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. 2019ல் டாம்டாம் நிறுவனம் உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளந்தபோது பெங்களூர் முதலிடத்துக்கு வந்தது. எதிர்பார்க்கும் நேரத்தைவிடப் பயணம் சராசரியாக 71 சதவீதம் அதிகம் எடுத்தது. நேரத்துக்குப் பூக்கும் மரங்களைப் பெற்ற நகரத்தில் நேரத்துக்கு ஆபீஸ் போக முடியவில்லை.

நெரிசலுக்கு மருந்தாகச் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பலியாவது ஓரத்து மரம். மெட்ரோ ரயிலுக்காக எம்.ஜி. சாலையின் பழைய நிழல்நடைபாதை போனது. 2016ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை இரும்பு மேம்பாலம் கட்டத் திட்டம் வந்தது. 812 மரங்கள் வெட்டப்படும் என்று தெரிந்ததும் அக்டோபர் 16ம் தேதி ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த மார்ச்சிலும் மரங்கள் வழக்கம்போல் பூத்தன.

வெட்டினால் தெரியும், வெப்பம் கூடுவது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. மின்விசிறி தேவையில்லாத ஊர் என்று பெயர்பெற்ற பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி செல்ஷியஸ் பதிவானது. மழையும் வெயிலும் முறை மாறினால் பூக்கும் காலமும் இடம்மாறும். கேரளத்தில் சித்திரை விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை அதற்கு முன்பே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. இதை வெறும் பேச்சாக விடாமல் குறித்து வைக்க, 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் பெங்களூரிலிருந்து நடக்கிறது. பள்ளி மாணவர்களும் மற்றவர்களும் தங்கள் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதில் தளிர், பூ, காய் எது எவ்வளவு என்று குறித்து அனுப்புகிறார்கள். இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் இதில் சேரலாம். மரத்தின் கடிகாரம் ஓடுவது முன்னா பின்னா என்பது இப்படிப்பட்ட குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால்தான் தெரியும்.

சைக்கிளுக்குத் தனிப் பாதையும் பல முறை பேசப்பட்டு, சில இடங்களில் கோடு போடப்பட்டு, அதன்மேல் கார் நிறுத்தப்பட்டு மறைந்த கதைதான். வாரத்தில் ஒரு காலை கிடைக்கும் இந்த இடைவெளியையும் விட்டுக்கொடுத்தால் சைக்கிள், மாடியில் துருப்பிடிக்கும் சாமானாகிவிடும்.

சந்தோஷம் என்பது அதிர்ஷ்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெங்களூரின் வசந்தம் வேறொன்றைச் சொல்கிறது. எந்த மாதம் எந்தத் தெரு பூக்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். எந்த ஆண்டு எந்தத் தாளம் எடுபடும் என்று இன்னொருவருக்குப் பிடிபட்டது. எந்தக் கிழமை கார்களை நிறுத்தலாம் என்று யாரோ முடிவு செய்தார்கள். அனுபவிப்பவர் செய்ய வேண்டியது சரியான நேரத்துக்கு எழுந்து வருவதும், அந்தக் கணக்கை யாராவது கலைக்க வந்தால் குறுக்கே நிற்பதும்தான்.

2009 ஏப்ரலில் காலமான ஃபிரோஸ் கான் பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள இடுகாட்டில், தாயின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். க்ரும்பீகலின் கல்லறையும் அதே சாலையில், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு பஸ்கள் விடியற்காலையில் ஊருக்குள் நுழையும் சாலை அது. பிப்ரவரி, மார்ச்சில் அந்த வழியாக வருபவர்கள் தூங்கிவிடாமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.